முகம் நன்றாக வேலை செய்கிறது

குக்கர் மூடி பிடுங்கிக்கொண்டு வந்து முகத்தில் அடித்தது. இடது கன்னமும் காதும் கழுத்தில் பாதியும் வெந்துபோயின. ஆஸ்பத்திரி வாடை மூக்கிலேயே குடியேறிவிட்ட பிறகு, ஒருவழியாகத் தேறி, புது முகத்தோடு மூணாம் கவுன்டர் வேலைக்குத் திரும்பினாள்.

மூணாம் கவுன்டர் என்பது அவள் பெயர் இல்லைதான். ஆனால் அந்தக் காப்பீட்டுக் கம்பெனியின் கிளையில் சொந்தப் பெயர் சம்பளச் சீட்டில் அச்சடிக்க மட்டுமே பயன்பட்டது. கூப்பிட, திட்ட, டீ சொல்ல, எல்லாவற்றுக்கும் கவுன்டர் எண்தான். அவள் விற்றது விபத்துக் காப்பீடு. கை உடைந்தால் என்ன கிடைக்கும், கால் போனால் என்ன கிடைக்கும் என்று கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்து சலிக்காமல் விளக்குவாள். தவணை கட்ட வந்தவர்கள் மருமகள் மேலுள்ள குறையையும் அவளிடமே இறக்கி வைத்துவிட்டுப் போவார்கள். மற்ற கவுன்டர்களுக்கு அவள் வாய்மேல் கொஞ்சம் பொறாமைகூட உண்டு.

அவள் உள்ளே நுழைந்ததும் எல்லோரும் எழுந்து நின்று கை தட்டினார்கள். வெந்துபோன முகத்துக்குக் கை தட்டினால் பதிலுக்கு என்ன செய்ய வேண்டும் என்று அவளுக்குத் தெரியவில்லை. கும்பிட்டாள். மேனேஜர் கையை முடிந்தவரை நீட்டி ஒரு பூங்கொத்தைக் கொடுத்தார். அவர் பார்வை அவள் தலைக்கு மேலே இருந்த சுவர்க்கடிகாரத்தில் நின்றது.

"வாங்கம்மா, வாங்க. நீங்க எங்க குடும்பம். குடும்பத்துல ஒருத்தருக்கு ஒண்ணுன்னா..." என்று தொடங்கியவர், அதற்கு மேல் தயாரித்துக்கொண்டு வராததால் இருமினார்.

அவள் தன் இடத்தைப் பார்த்து நடந்தாள். அங்கே புதிதாக ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். கன்னம் இரண்டும் ஒரே மாதிரி இருந்தன.

"அங்க இல்லம்மா. உங்களுக்குன்னே ஸ்பெஷலா ஒரு இடம் ரெடி பண்ணியிருக்கோம்" என்றார் மேனேஜர், கடிகாரத்திடம்.

ஸ்பெஷல் இடம் அடித்தளத்தில் இருந்தது. பழைய கோப்புகள் போட்டு வைக்கும் அறை. ஒரு பக்கச் சுவருக்கு அந்தப்புறம் தண்ணீர் மோட்டார். கூரையோடு ஒட்டிக்கொண்டு மாடிக் கழிவறையின் குழாய் போனது. மேலே யாராவது போய்விட்டு வந்தால் கீழே அது தெரியும். யார் போனார்கள் என்பதைக்கூட, சில நாள் பழகினால், கண்டுபிடித்துவிடலாம். நாற்காலி மட்டும் புதுசு.

"சார், நான் கவுன்டர் பார்க்கிறவ. இங்க எனக்கு என்ன வேலை?"

"ரெஸ்ட்தாம்மா வேலை. எல்லாம் உங்க நல்லதுக்குத்தான். எனக்குத் தனிப்பட்ட முறையில ஒண்ணும் கிடையாது. நான் மூஞ்சியப் பார்க்கிற ஆளே இல்ல." அதை அவர் குழாயைப் பார்த்துச் சொன்னதால் நம்பும்படியாகவே இருந்தது. "ஆனா கஸ்டமர்னு ஒருத்தன் இருக்கான் பாருங்க. விபத்துக் காப்பீடு எடுக்க வர்றவன் உங்களைப் பார்த்தா பயந்துடுவான்."

"பயந்தாத்தானே சார் பாலிசி எடுப்பான்?"

மேனேஜர் யோசித்தார். உண்மையிலேயே யோசித்தார். "அது மார்க்கெட்டிங் சம்பந்தப்பட்டது. அவங்களைத்தான் கேட்கணும்" என்று சொல்லிவிட்டு மாடி ஏறிப் போனார்.

வீட்டில் அக்கா இதைக் கேட்டுக் கொதித்துப் போனாள். அக்கா நர்ஸ். மனிதர்களைப் படுத்த நிலையிலேயே அதிகம் பார்த்தவள் என்பதால் நிற்கிறவர்கள் யார்மேலும் அவளுக்குப் பெரிய மரியாதை கிடையாது.

"பூவைக் குடுத்துக் குழிக்குள்ள இறக்கியிருக்கான். நீயும் இறங்கிட்டியா?"

"அவர் நல்லதுக்குத்தான்னு சொன்னாருக்கா."

"யார் நல்லதுக்குன்னு கேட்டியா? உடம்புல ஒரு குறைன்னு சொல்லி வேலையை மாத்தக் கூடாதுன்னு சட்டம் இருக்குடி. எங்க ஆஸ்பத்திரி வாசல்லயே எழுதிப் போட்டிருக்கான்."

கம்பெனியிலும் எழுதிப் போட்டிருந்தார்கள். ஆளுயரப் பலகை. 'பாகுபாட்டைப் பொறுக்க மாட்டோம்.' கீழே சின்ன எழுத்தில், தலைமை அலுவலகத்தின் சமத்துவப் பிரிவை அணுகலாம் என்று இருந்தது. மறுநாள் அவள் அணுகினாள்.

சமத்துவப் பிரிவு தலைமை அலுவலகக் கட்டடத்தின் உச்சியில் இருந்தது. அந்த மாடிக்கு அதிகாரிகளின் லிஃப்ட் மட்டுமே போகும். மற்றவர்கள் அதற்கு முந்தைய மாடியில் இறங்கி, படி ஏறிச் சமத்துவத்தை அடைய வேண்டும். அவள் அடைந்தாள். உள்ளே மெத்தென்ற தரைவிரிப்பு, சுவரெங்கும் கைகோத்த மனிதர்களின் படங்கள், மேஜைமேல் டிஷ்யூ பெட்டி. சமத்துவ அதிகாரி நடுத்தர வயதுப் பெண்மணி. குழந்தையைத் தூங்க வைக்கும் குரலில் பேசினார்.

"அழணும்னா அழுங்க."

"அழ வரல மேடம். புகார் குடுக்க வந்தேன்."

அந்த அம்மாள் முகம் சுருங்கியது. "அந்த வார்த்தை இங்க வேண்டாமே. புகார்னா ஒருத்தர் தப்புப் பண்ணின மாதிரி ஆயிடும். நாங்க இதைப் 'பகிர்வு'ன்னு சொல்வோம். ம், பகிருங்க."

அவள் பகிர்ந்தாள். அதிகாரி கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். ஆழ்ந்து கேட்கிறார் போலிருக்கிறது என்று நினைத்து அவளும் குழாய்ச் சத்தம் முதற்கொண்டு விலாவாரியாகச் சொன்னாள். முடிந்ததும் அதிகாரி கண்ணைத் திறந்து நேராகக் கணினியில் இருந்த படிவத்துக்குத் திருப்பினார்.

"மதம்?"

"அதனால இல்ல மேடம்."

"வயசு? கர்ப்பம்? மொழி?"

"முகம்."

"முகம்னு ஒரு வகையே இல்லையேம்மா." அதிகாரி மேலும் கீழும் தேடினார். "உடல் குறைபாட்டுல போடலாம். ஆனா அதுக்கு டாக்டர் சர்டிபிகேட் வேணும். முகம் எவ்வளவு தூரம் வேலை செய்யலைன்னு."

கம்பெனி டாக்டர் நேர்மையான மனிதர். அதுதான் வினையாகிவிட்டது. அவளை உட்கார வைத்து, சிரிக்கச் சொன்னார். சிரித்தாள். வாயைத் திறக்கச் சொன்னார். கண்ணை இறுக்கி மூடச் சொன்னார். பிஸ்கட் ஒன்றைக் கொடுத்து மெல்லச் சொன்னார். கோபப்படுவது போல் பாருங்கள் என்றார். அதை அவள் மற்ற எல்லாவற்றையும்விட நன்றாகச் செய்தாள்.

"இந்த முகத்துக்கு என்னம்மா குறை? ஒரு முகம் என்னென்ன செய்யணுமோ அத்தனையும் செய்யுது" என்று சொல்லி, சந்தோஷமாகக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். 'பரிசோதித்ததில் இவரது முகம் நன்றாக வேலை செய்கிறது.'

சமத்துவ அதிகாரி அதைப் படித்துவிட்டு வருத்தமும் நிம்மதியுமாகப் பார்த்தார்.

"முகம் வேலை செய்யுதுன்னா குறைபாடு இல்ல. குறைபாடு இல்லைன்னா பாகுபாடு எப்படிம்மா வரும்?"

"அப்ப என்னைக் கவுன்டர்லயே உட்கார வைக்கலாமே மேடம். வேலை செய்யற முகம்தானே?"

"நீங்க அந்தக் கோணத்துல பார்க்கக் கூடாது. பிரச்சினை உங்க முகத்துல இல்ல. அதைப் பார்க்கிறவங்க கண்ணுல இருக்கு. நியாயமாப் பார்த்தா பாதிக்கப்பட்டவங்க அவங்கதான். அவங்க வந்து பகிர்ந்தா நாங்க பதிவு பண்ணிக்கலாம்."

அக்கா மட்டும் வந்து கீழே வரவேற்பு அறையில் நின்று, ஆஸ்பத்திரி வார்டில் பேசுகிற சத்தத்தில் நாலு கேள்வி கேட்டிருக்காவிட்டால் விஷயம் அதோடு முடிந்திருக்கும். பாலிசி எடுக்க வந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். வந்தவர்கள் திரும்பிப் பார்ப்பது ஒன்றுக்குத்தான் அந்தக் கம்பெனி அஞ்சும். உடனே விசாரணைக் குழு அமைக்கப்பட்டது.

குழுவில் மூன்று பேர். சமத்துவ அதிகாரி தலைவர். கம்பெனியின் சட்ட ஆலோசகர் உறுப்பினர். சம்பந்தப்பட்ட கிளையின் சமத்துவத் தூதர் மூன்றாவது ஆள். கிளைக்குக் கிளை ஒரு சமத்துவத் தூதர் உண்டு என்பதே அவளுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. தங்கள் கிளைக்கு மேனேஜர்தான் தூதர் என்பதும் அன்றைக்குத்தான் தெரிந்தது.

விசாரணை அறைக்குள் போனால் நடுவில் ஒரு திரை கட்டியிருந்தது. அந்தப்புறம் குழு. இந்தப்புறம் ஒரு ஸ்டூல்.

"இது எதுக்கு மேடம்?"

"நடுநிலைமைக்கு" என்றது திரை, தூங்க வைக்கும் குரலில். "உங்க முகத்தைப் பார்த்தா எங்க மனசு ஒரு பக்கமா சாய்ஞ்சுடலாம். இரக்கமும் ஒரு சாய்வுதானே? முகத்தைப் பார்க்காமலே முகத்தைப் பத்தி முடிவெடுக்கிறதுதான் முறை."

சட்ட ஆலோசகர் தொண்டையைச் செருமினார். அவர் பேச்சில் அவசரமே கிடையாது. கம்பெனி அவருக்கு உட்கார்ந்திருக்கும் நேரத்துக்குச் சம்பளம் கொடுத்தது.

"பாகுபாடுன்னா என்ன? சமமான ரெண்டு பேரை வித்தியாசமா நடத்துறது. சரியா? அப்ப ஒப்பிட்டுப் பார்க்க இன்னொருத்தர் வேணும். உங்களை மாதிரியே இடது கன்னம் வெந்த இன்னொரு ஊழியர் இந்தக் கிளையில இருக்காரா?"

"இல்ல சார்."

"காது?"

"இல்ல."

"அப்படி ஒருத்தர் இருந்து, அவரை மேல வெச்சுட்டு உங்களைக் கீழ அனுப்பியிருந்தா, அது பாகுபாடு. நானே உங்களுக்காக வாதாடியிருப்பேன். ஆனா இருக்கிறதே நீங்க ஒருத்தர்தான். உங்களை மாதிரி இருக்கிற எல்லாரையுமே கம்பெனி ஒரே மாதிரி கீழதான் அனுப்பியிருக்கு. இதைவிடச் சமத்துவம் என்ன இருக்கு?"

திரைக்கு அந்தப்புறம் பேனாக்கள் ஓடும் சத்தம் கேட்டது. பிறகு மேனேஜரின் குரல், வழக்கத்துக்கு மாறாகத் தைரியமாக வந்தது. திரை இருந்ததால் அவர் நேராகப் பார்த்தே பேசினார்.

"தலைவர் அவர்களே, கிளையின் சமத்துவத் தூதர்ங்கிற முறையில, மேனேஜர்கிட்ட நானே விசாரிச்சேன். ரொம்ப நல்ல மனுஷன். மனசளவுல நொந்து போயிருக்கார்."

தீர்ப்பு அரைப் பக்கம்தான். பாகுபாடு நடக்கவில்லை. ஆனாலும் இரு தரப்பிலும் மனவேதனை ஏற்பட்டிருப்பதால், கிளை முழுவதற்கும் ஒரு நாள் பயிற்சி அளிக்கப்படும். பயிற்சியின் பெயர், 'அவள் முகத்தில் ஒரு நாள்.'

பயிற்சியாளர் துள்ளிக் குதித்துக்கொண்டே பேசும் ஆள். ஊழியர்களை வட்டமாக உட்கார வைத்து, ஆளுக்கொரு சிவப்புச் சாயக் குச்சியைக் கொடுத்து, எல்லோரும் இடது கன்னத்தில் பூசிக்கொள்ளுங்கள் என்றார். சிரிப்பும் கும்மாளமுமாகப் பூசிக்கொண்டார்கள். "எனக்குக் கழுத்து வரைக்கும் வேணுமா?" என்று ஒருவர் அக்கறையோடு கேட்டார். செல்போனில் படம் எடுத்துக்கொண்டார்கள். அவளுடைய பழைய இடத்தில் உட்கார்ந்திருந்த புதுப்பெண் மட்டும் குச்சியைக் கையிலேயே வைத்துக்கொண்டு தலையைக் குனிந்திருந்தாள். "ஒத்துழைக்கலைன்னா பதிவாகும்" என்று பயிற்சியாளர் சொன்ன பிறகு அவளும் ஒரு புள்ளி வைத்துக்கொண்டாள்.

"நீங்க பூச வேண்டாம்" என்றார் பயிற்சியாளர், மூணாம் கவுன்டரிடம். பெரிய சலுகை மாதிரி. "நீங்க இன்னைக்கு ஓய்வெடுங்க. உங்க வலியை நாங்க சுமக்கிறோம்."

பிறகு அந்த முகங்களோடு எல்லோரும் தெருவில் ஒரு சுற்று நடந்து வர வேண்டும் என்றார்கள். மேனேஜர் டீக்கடை வரைக்கும் போய் வந்தார். டீ ஆறுவதற்குள் திரும்பிவிட்டார். வந்தவர் நாற்காலியில் விழுந்து குலுங்கிக் குலுங்கி அழுதார்.

"பார்க்கிறாங்க... எல்லாரும் என்னையே பார்க்கிறாங்க. டீக்கடைக்காரன் மீதிச் சில்லறையக் கையில குடுக்காம மேஜைல வெச்சான். எனக்கு என்ன குறை? நான் ஒரு மேனேஜர்!"

எல்லோரும் அவரைச் சூழ்ந்துகொண்டார்கள். ஒருவர் விசிறினார். ஒருவர் முதுகைத் தடவினார். பயிற்சியைப் பார்வையிட வந்திருந்த சமத்துவ அதிகாரி டிஷ்யூவோடு ஓடி வந்தார். கண்ணீரும் சாயமும் கலந்து மேனேஜரின் சட்டைக் காலரில் வழிந்தன. யாருக்கும் தண்ணீர் கொண்டு வரத் தோன்றவில்லை. பழக்க தோஷத்தில் மூணாம் கவுன்டர்தான் ஓடிப் போய் ஒரு டம்ளர் தண்ணீர் பிடித்து வந்து கொடுத்தாள். மேனேஜர் முகத்தைத் திருப்பிக்கொண்டே வாங்கிக் குடித்தார். "இவ்வளவு நடந்த பிறகும் இந்தம்மா என்னை மன்னிச்சுட்டாங்க பாருங்க" என்றார் சுவரிடம். கை தட்டினார்கள். டாக்டர் அவருக்கு மன உளைச்சல் என்று எழுதிக் கொடுக்க, சம்பளத்தோடு ஒரு வாரம் விடுப்பில் போனார்.

அன்று மாலை அவள் வீட்டுக்கு வந்து பையைக்கூட இறக்காமல் கதவோரமே உட்கார்ந்துவிட்டாள்.

"என்னடி?"

"அருவருப்பா இருக்குக்கா."

அக்கா பக்கத்தில் வந்து அவள் கன்னத்தைத் தொட்டுப் பார்த்தாள். நர்ஸின் விரல்கள், சொரசொரப்பான தோலை அளந்தன. "ஆறிடுச்சே. இதுலயா?"

"முகத்துல இல்ல. அந்த ஆளுக்குத் தண்ணி மொண்டு குடுத்தேன் பாரு, இந்தக் கையில."

அக்கா அவள் தோளிலிருந்து பையை இறக்கி வைத்தாள். "போகுது விடு. இன்னொரு தடவை குடுத்தேன்னா நான் உன்கூடப் பேச மாட்டேன்" என்றாள்.

அந்த வருஷ சமத்துவ விழாவில் சிறந்த தூதர் விருது மேனேஜருக்கு என்று அறிவித்தார்கள். காரணம், தன்னையே மாற்றிக்கொண்ட துணிவு. விருதை மூணாம் கவுன்டரே கொடுக்க வேண்டும் என்பது சமத்துவ அதிகாரியின் ஆசை. வர மாட்டேன் என்று சொன்னாள். "வராட்டி அது மேனேஜர் மேல நீங்க காட்டுற பாகுபாடா எடுத்துக்கப்படும்" என்று பதில் வந்தது.

அரங்கில் பெரிய படம் ஒன்றைத் தொங்கவிட்டிருந்தார்கள். 'எல்லா முகமும் எங்கள் முகமே.' படத்தில் கன்னத்தில் தீக்காயத்தோடு ஒரு பெண் சிரித்தாள். அவள் யாரென்றே இவளுக்குத் தெரியவில்லை.

"மாடல்" என்று காதருகே கிசுகிசுத்தார் விழாப் பொறுப்பாளர். "உங்களைத்தான் முதல்ல எடுக்கிறதா இருந்துச்சு. ஆனா உங்க காயம் கொஞ்சம்... எப்படிச் சொல்றது... அதுல நம்பிக்கை தெரியல. இது மேக்கப்காரர் போட்டது. பாருங்க, எவ்வளவு இதமா இருக்கு!"

மேடையில் அவள் நிற்க வேண்டிய பக்கத்தில் விளக்கை அணைத்து வைத்திருந்தார்கள். அந்த இருட்டில் நின்றபடியே கண்ணாடிக் கேடயத்தை நீட்டினாள். வெளிச்சத்தில் நின்றபடி மேனேஜர் வாங்கிக்கொண்டார். பிறகு ஏற்புரை.

"நான் ஒரு பாவி" என்று ஆரம்பித்தார். "முகத்துல காயம் பட்ட ஒரே காரணத்துக்காக ஒரு பெண்ணைக் கவுன்டர்ல இருந்து தூக்கி அடித்தளத்துல போட்டவன் நான். அவங்க வேலையில ஒரு குறை கிடையாது. கிளையிலேயே அதிகமா பாலிசி பிடிச்சது அவங்கதான். ஒரு கஸ்டமர்கூட எதுவும் சொல்லல, அவங்களை யாரும் பார்க்கிறதுக்கு முன்னாடியே நான் மாத்திட்டேன். ஏன்? என்னால பார்க்க முடியல. பார்த்தா காலையில சாப்பிட்டது மேல வந்துடும் போல இருந்துச்சு. அந்த வேதனையை ஒரு மனுஷன் எத்தனை நாள் தாங்குவான்? நான் தாங்கினேன்!"

கைதட்டல் கூரையைத் தொட்டது. முன்வரிசையில் இருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

"இன்னைக்கு நான் மாறிட்டேன். அவங்க இன்னும் அந்த அடித்தளத்துலதான் இருக்காங்கங்கிறது என் நெஞ்சை எப்படி அறுக்குதுன்னு எனக்குத்தான் தெரியும். அந்த வலியோடதான் தினமும் ஏ.சி. ரூம்ல உட்கார்ந்திருக்கேன்."

எல்லோரும் எழுந்து நின்று தட்டினார்கள். அவளை மேலே கூட்டி வரலாமே என்று அந்த அரங்கத்தில் ஒருவருக்கும் தோன்றவில்லை. அவர் முன்னேற்பாடாக அது தோன்றாதபடி பேசிவிட்டார்.

விழா முடிந்த மறுவாரம் அவள் கைக்கு ஓர் உறை வந்தது. கோப்புகள் எல்லாம் கணினியில் ஏற்றப்படுவதால் அடித்தள அறை மூடப்படுகிறது. அந்த அறைக்கென்று நியமிக்கப்பட்ட பதவியும் மூடப்படுகிறது. தங்கள் எதிர்காலம் ஒளிமயமாக இருக்க வாழ்த்துகிறோம். கீழே, 'சமத்துவம் எங்கள் மூச்சு' என்ற முத்திரை.

அன்றைக்கு அவள் அழவில்லை. அக்காதான் அழுதாள், கோபத்தில். இந்த வயதில், இந்த முகத்தோடு, இன்னோர் இடத்தில் போய் வேலை கேட்டால் என்ன நடக்கும் என்று இரண்டு பேருக்கும் தெரியும். அக்காவின் ஒற்றைச் சம்பளத்தில் வாடகையும் மருந்தும் ஒன்றாக ஓடாது என்பதும் தெரியும்.

கண்ணைத் துடைத்துக்கொண்டே செல்போனைத் தட்டிக்கொண்டிருந்த அக்கா திடீரென்று நிமிர்ந்தாள். விழாவின் காட்சிப் பதிவைக் கம்பெனியே பெருமையோடு எல்லோரும் பார்க்கும்படி போட்டிருந்தது. மேனேஜரின் ஏற்புரை முழுசாக இருந்தது.

"அடியே, இங்க வா. இதைப் பாரு. இவன் பேச்சா பேசியிருக்கான்? வாக்குமூலம் குடுத்திருக்கான்!"

மூணாம் கவுன்டர் அதை ஒருமுறை கேட்டாள். நிறுத்திவிட்டு மறுபடியும் கேட்டாள். நேரில் கேட்டபோது கைதட்டலில் பாதி காதில் விழவில்லை. இப்போதுதான் ஒவ்வொரு சொல்லும் தனித்தனியாக விழுந்தது. மறுநாள் காலை இரண்டு பேரும் தொழிலாளர் நீதிமன்றத்துக்குப் போனார்கள்.

அது ஒரு பழைய கட்டடம். தரைவிரிப்பு கிடையாது. மின்விசிறி சுற்றும்போது கொஞ்சம் ஆடியது. நீதிபதி சளி பிடித்த மனிதர், அடிக்கடி மூக்கைச் சிந்தினார். வழக்கு அவர்முன் வருவதற்குள் வாடகை கேட்டு வீட்டுக்காரர் இரண்டு முறை வந்து கதவைத் தட்டிவிட்டுப் போயிருந்தார். ஆனால் அவள் எழுந்து நின்றதும் நீதிபதி கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு நேராக அவள் முகத்தைப் பார்த்து, "சொல்லுங்கம்மா, என்ன நடந்துச்சு?" என்றார். வேலைக்குத் திரும்பியதிலிருந்து, பரிசோதித்த டாக்டரைத் தவிர, இந்த விஷயமாக ஒருவர் அவள் முகத்தைப் பார்த்துப் பேசியது அதுதான் முதல் தடவை. கவுன்டரில் பேசுகிற மாதிரியே, தெளிவாகச் சொன்னாள்.

கம்பெனிக்காக சட்ட ஆலோசகரே வந்திருந்தார். பக்கத்தில் மேனேஜர், விருது வாங்கிய அதே கோட்டில். டாக்டர் சர்டிபிகேட்டையும் குழுவின் தீர்ப்பையும் ஆலோசகர் அவசரமில்லாமல் அடுக்கினார். முகம் நன்றாக வேலை செய்வதால் பாகுபாடு சாத்தியமே இல்லை என்றார். அவளை மாற்றியது நிர்வாக வசதிக்காக. முகத்துக்கும் அதற்கும் எள்ளளவும் தொடர்பில்லை என்றார்.

அக்கா செல்போனை நீட்டினாள். நீதிமன்ற ஊழியர் அதை வாங்கி மேஜைமேல் வைத்தார். 'நான் ஒரு பாவி' என்று அறை முழுக்கக் கேட்டது. கைதட்டல் உட்பட முழுவதையும் நீதிபதி கேட்டார். நடுவில் ஒரே ஒரு தடவை மூக்கைச் சிந்தினார்.

"இது என்ன?"

"ஐயா, அது விழா மேடைப் பேச்சு" என்றார் ஆலோசகர். முதல்முறையாக அவர் பேச்சில் கொஞ்சம் அவசரம் தெரிந்தது. "கேட்கிறவங்க மனசைத் தொடணும்னு சில விஷயங்களை மிகைப்படுத்திச் சொன்னது. அதையெல்லாம் உண்மையா எடுத்துக்கக் கூடாது."

"அப்ப நடக்காததை நடந்ததாச் சொல்லி இவர் விருது வாங்கியிருக்கார்?"

"அப்படித்தான் ஐயா வெச்சுக்கணும். முழுக்கக் கற்பனை."

மேனேஜர் துடித்து எழுந்தார். ஆலோசகர் அவர் கோட்டு நுனியைப் பிடித்து இழுத்தார். மேனேஜர் அடங்கவில்லை.

"என்ன சார் பேசறீங்க? கற்பனையா? உயிரைக் குடுத்துப் பேசினேன்! ஒவ்வொரு வார்த்தையும் சத்தியம். அந்தம்மா மூஞ்சியப் பார்க்க முடியாமத்தான் கீழ அனுப்பினேன். வேற எந்தக் காரணமும் கிடையாது. வேணும்னா எங்க ஆபீஸ்ல யாரை வேணா கேளுங்க, எல்லாருக்கும் தெரியும். என் விருது பொய்னு சொல்ல உங்களுக்கு என்ன உரிமை இருக்கு?"

ஆலோசகர் கோட்டு நுனியை விட்டுவிட்டு மெல்ல உட்கார்ந்தார். நீதிபதி எழுத ஆரம்பித்தார்.

உத்தரவு சுருக்கமாக இருந்தது. அவளை அதே கவுன்டரில், அதே வேலையில் திரும்ப அமர்த்த வேண்டும். விட்டுப்போன சம்பளத்தைக் கொடுக்க வேண்டும். முகத்துக்காக ஓர் ஊழியரை ஒதுக்குவதற்குச் சட்டத்தில் இடமில்லை. அவ்வளவுதான்.

கம்பெனி அதற்கு அயரவில்லை. அன்று மாலையே எல்லாக் கிளைகளுக்கும் சுற்றறிக்கை போனது. 'சமத்துவப் பிரிவின் ஓயாத முயற்சியால் நம் சகோதரி ஒருவர் மீண்டும் கவுன்டருக்கு!' உண்மையைத் துணிந்து ஒப்புக்கொண்ட மேனேஜருக்கு மண்டல சமத்துவத் தலைவராகப் பதவி உயர்வு என்று அதே தாளில் கீழே இருந்தது. புதுப்பெண்ணை நாலாம் கவுன்டருக்கு மாற்றினார்கள். அவள் ஓடி வந்து மூணாம் கவுன்டரின் கையைப் பிடித்துக்கொண்டு, "அக்கா, அந்தப் புள்ளி வெச்சுக்கிட்டேன்ல, அன்னைக்கு வீட்டுக்குப் போய்த் தேய்ச்சேன், தேய்ச்சேன்..." என்று சொல்லி முடிக்காமல் விட்டாள். மூணாம் கவுன்டர் அவள் தோளைத் தட்டினாள்.

வேலை தொடங்கும் நேரத்தில் தலைமை அலுவலகக் கூட்டமே வந்து இறங்கியது. சமத்துவ அதிகாரி, புகைப்படக்காரர், பதவி உயர்ந்த மேனேஜர். கவுன்டருக்கு முன்னால் தவணை கட்ட வந்தவர்களை ஒதுக்கி நிற்க வைத்தார்கள். மேனேஜர் கேமராவைப் பார்த்தபடி அவள் வலது கையை இரண்டு கைகளாலும் பொத்திக்கொண்டார். அந்தக் கைகள் ஈரமாகவும் வெதுவெதுப்பாகவும் இருந்தன. "இன்னொண்ணு, இன்னொண்ணு" என்றார் புகைப்படக்காரர். "கொஞ்சம் இந்தப் பக்கமாத் திரும்புங்கம்மா, நல்ல கன்னம் தெரியட்டும்." மேனேஜர் இன்னும் இறுக்கமாகப் பிடித்தார். "நாம ரெண்டு பேரும் சேர்ந்து ஜெயிச்சுட்டோம்மா" என்றார் கேமராவிடம்.

அவர்கள் போனதும் அவள் எழுந்து கழிவறைக்குப் போனாள். குழாயைத் திறந்து, சோப்பை எடுத்து, விரலிடுக்கெல்லாம் தேய்த்தாள். மணிக்கட்டைத் தேய்த்தாள். முழங்கை வரைக்கும் தேய்த்தாள். ஒரு தடவை கழுவிவிட்டு மோந்து பார்த்தாள். மறுபடியும் சோப்புப் போட்டாள். எதிரே கண்ணாடியில் அவள் முகம் இருந்தது. ஒருபக்கம் வழவழப்பும் ஒருபக்கம் சுருக்கமுமாக, ஈரத்தில் பளபளத்துக்கொண்டு, கோபமாக. நன்றாகத்தான் வேலை செய்தது.

திரும்பி வந்து உட்காரும்போது வரிசை வாசல் வரைக்கும் நீண்டிருந்தது. முதலில் நின்ற பெரியவர் கவுன்டர் கண்ணாடியைத் தட்டிக்கொண்டிருந்தார். அவள் முகத்தைப் பார்த்தார். பார்த்துவிட்டு, காத்திருந்த எரிச்சலில் கொஞ்சம்கூடக் குறைக்காமல் கத்தினார்.

"எங்கம்மா போயிட்டீங்க? எவ்வளவு நேரமா நிக்கிறது?"

"கை கழுவப் போயிருந்தேன் ஐயா."

"அதுக்கு இவ்வளவு நேரமா?"

"அழுக்கு கொஞ்சம் ஜாஸ்தி" என்று சொல்லி, அவர் நீட்டிய பாலிசியை வாங்கிப் பிரித்தாள்.